நெல்லையில் இருந்தபடி துபாய் கடைக்குக் கணக்கு: விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலை நிலைக்குமா? சரியான கிளையன்ட்டைப் பிடிப்பது எப்படி?

"விஏ வேலை பாக்கேன்" என்று திருநெல்வேலியில் யாராவது சொன்னால், "எந்த ஊருக்கு விஏஓ?" என்றுதான் பதிலுக்குக் கேட்பார்கள். விஏ, அதாவது விர்ச்சுவல் அசிஸ்டென்ட், இன்னும் கல்யாணப் பத்திரிகையில் போடுகிற அளவுக்கு ஊருக்குப் பழகாத வேலை. ஆனால் பட்டம் முடித்துவிட்டு, பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ குழந்தையை வளர்க்கவோ பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் ஸ்ரீவைகுண்டத்திலும் தங்கிவிட்டவர்களுக்கு, சென்னை ரயில் ஏறாமலேயே சம்பாதிக்க ஒரு வழியாக இது தெரிகிறது.

லேப்டாப், இன்டர்நெட், கொஞ்சம் இங்கிலீஷ் போதும், டாலரில் சம்பளம் என்று ரீல்ஸ்கள் சொல்கின்றன. இதில் பாதிதான் உண்மை. வேலை இருக்கிறது. ஆனால் அது நிலைக்குமா, ஆறே மாதத்தில் ஆளைக் களைப்படைய வைத்துவிடுமா என்பதைத் திறமை மட்டும் முடிவு செய்வதில்லை. யாருக்காக வேலை பார்க்கிறார் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

விஏ என்ன வேலை பார்ப்பார்?

ஒரு சின்ன கம்பெனி முதலாளிக்கோ டாக்டருக்கோ வக்கீலுக்கோ தூரத்தில் இருந்தபடி அலுவலக வேலைகளைச் செய்து கொடுப்பவர்தான் விஏ. மெயிலுக்குப் பதில் போடுவது, அப்பாயின்ட்மென்ட் குறிப்பது, பில் அனுப்புவது, வராத பணத்தை நினைவூட்டுவது, கணக்கு எழுதுவது, சமூக வலைதளப் பதிவு போடுவது, வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் சொல்வது என்று வேலை விரியும்.

தெற்கத்திக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. மளிகைக் கடையிலும் மண்டியிலும் கணக்குப்பிள்ளை பார்த்த வேலைதான். கடை மட்டும் இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

இது எங்கே தொடங்கியது?

2005-ல் அமெரிக்காவின் எஸ்கொயர் இதழில் ஏ.ஜே.ஜேக்கப்ஸ் என்ற எழுத்தாளர் எழுதிய கட்டுரை ஒன்று பெரிய பேச்சானது. தன் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் பெங்களூரில் உள்ள உதவியாளர்களிடம் ஒப்படைத்துப் பார்த்த அனுபவம் அது. அவர் நாடிய இரண்டு நிறுவனங்களில் ஒன்று பிரிக்வொர்க். இன்னொன்று 'யுவர் மேன் இன் இந்தியா'. பிறகு 'கெட்ஃப்ரைடே' என்று பெயர் மாறிய இது, சென்னையில் பிறந்த டிடிகே குழுமத்தைச் சேர்ந்தது. 2007-ல் வெளியான டிம் ஃபெரிஸின் புத்தகம் இந்தப் பழக்கத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

அந்தக் காலத்தில் கிளையன்ட்டைப் பிடிப்பதும், பணம் வசூலிப்பதும், ஒருவர் லீவு போட்டால் மாற்று ஆள் கொடுப்பதும் கம்பெனியின் பொறுப்பு. பிறகு அப்வொர்க், ஃபைவர், ஃப்ரீலான்சர் போன்ற தளங்கள் வந்தன. கம்பெனி செய்த அத்தனையும் தனி ஆளின் தலையில் ஏறியது.

தென்காசியில் ஜோஹோ காட்டியது என்ன?

தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றின் பக்கம், தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் நடத்துகிறது. அதை நிறுவிய ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அந்த ஊருக்கே குடிவந்தார். வாடிக்கையாளர் சேவைக்கான ஜோஹோ டெஸ்க் மென்பொருள் அங்கேதான் உருவானது. உலகத்துக்கு வேலை பார்க்க ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை என்பதற்கு இந்தப் பக்கத்தில் எல்லோரும் காட்டும் உதாரணம் இது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. அங்கே வேலை பார்ப்பவர் ஊழியர். மாதம் பிறந்தால் சம்பளம் வரும், பிஎஃப் பிடிப்பார்கள். விஏ அப்படியல்ல. அவர் தனக்குத்தானே முதலாளி, தனக்குத்தானே ஹெச்ஆர். கிளையன்ட் ஒரு மெயில் அனுப்பினால் அடுத்த வாரமே வேலை முடிந்துவிடலாம்.

பீடிச் சுளவும் லேப்டாப்பும்

வீட்டில் இருந்தே சம்பாதிப்பது நெல்லை, தென்காசி மாவட்டங்களுக்குப் பழைய கதை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் மடியில் சுளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றியிருக்கிறார்கள். இலையும் தூளும் ஏஜென்ட் கொடுப்பார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கழித்துவிட்டால் அந்த உழைப்புக்குக் காசு கிடையாது. வாங்குவது ஒரே ஆள் என்பதால் விலையும் அவர் வைத்ததுதான்.

தளங்களில் குறைந்த விலைக்குப் போட்டி போடும் விஏ-யின் நிலையும் கிட்டத்தட்ட இதேதான். பீஸ் கணக்கு, பிடிக்காவிட்டால் மோசமான ரேட்டிங், எதிரே யார் இருக்கிறார் என்றே தெரியாத நிலை.

ஒரு விஷயத்தில் பீடி சுற்றியவர்களுக்குப் பாதுகாப்பு அதிகம் என்றே சொல்லலாம். 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றது. இன்றைய நிலை என்ன? 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளர், பிளாட்ஃபார்ம் தொழிலாளர் என்ற பிரிவுகளை அங்கீகரிக்கிறது. ஆனால் லண்டனில் உள்ள கிளையன்ட்டிடம் நேரடியாக வேலை பார்க்கும் விஏ-வுக்கு பிஎஃப், இஎஸ்ஐ, பிரசவ விடுப்பு எதுவும் தானாக வந்து சேராது.

சட்டம் கை கொடுக்காத இடத்தில், நல்ல கிளையன்ட்தான் பாதுகாப்பு. பொருத்தம் பார்ப்பது இங்கே ஆடம்பரம் இல்லை.

தளங்களில் உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

ஃபைவரில் 100 டாலருக்கு வேலை முடித்தால் 20 டாலரைத் தளம் எடுத்துக்கொள்ளும். அப்வொர்க் முன்பு 10 சதவீதம் பிடித்தது. 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு வேலையைப் பொறுத்து 15 சதவீதம் வரை போகலாம். இது போக, வேலைக்கு விண்ணப்பிக்கவே அங்கே 'கனெக்ட்ஸ்' வாங்க வேண்டும். ஒரு கனெக்ட் 15 சென்ட்.

ஓர் உதாரணக் கணக்கு: ஒரு விண்ணப்பத்துக்கு 10 கனெக்ட்ஸ் என்று வைத்தால், 50 விண்ணப்பங்களுக்கு 75 டாலர். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் போனது போனதுதான். 'எதற்கும் போட்டு வைப்போமே' என்று கண்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பிப்பவர் முதலில் இழப்பது இதைத்தான்.

தளங்களே வேண்டாம் என்பதல்ல. முதல் இரண்டு மூன்று வேலைகளுக்கும், நல்ல ரிவ்யூ வாங்கவும் அவை உதவும். ஆனால் அங்கே பிடித்த கிளையன்ட்டிடம் தளத்துக்கு வெளியே பணம் வாங்கினால் கணக்கை முடக்கிவிடுவார்கள். வெளியே எடுத்துச்செல்ல அப்வொர்க்கில் தனிக் கட்டணமே உண்டு. விதிகளைப் படித்துவிட்டு இறங்குவது நல்லது.

பொருத்தம் 1: கடிகாரம்

முதல் பொருத்தம் நேரம். கிளையன்ட்டின் அலுவலக நேரம் முழுக்க ஆன்லைனில் இருக்க வேண்டும் என்றால், நெல்லைக் கடிகாரத்தில் அது இப்படி வரும்:

• சிங்கப்பூர், மலேசியா (காலை 9 – மாலை 6): காலை 6.30 – மதியம் 3.30

• துபாய் (காலை 9 – மாலை 5): காலை 10.30 – மாலை 6.30

• லண்டன் (காலை 9 – மாலை 5): குளிர்காலத்தில் மதியம் 2.30 – இரவு 10.30, கோடையில் ஒரு மணி நேரம் முன்னதாக

• நியூயார்க் (காலை 9 – மாலை 5): குளிர்காலத்தில் இரவு 7.30 – அதிகாலை 3.30, கோடையில் ஒரு மணி நேரம் முன்னதாக

• கலிபோர்னியா (காலை 9 – மாலை 5): குளிர்காலத்தில் இரவு 10.30 – காலை 6.30, கோடையில் ஒரு மணி நேரம் முன்னதாக

அமெரிக்க கிளையன்ட் அதிகம் கொடுப்பார் என்பது பொதுவான நினைப்பு. ஆனால் காலையில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய அம்மா, விடியும் வரை விழித்திருக்கும் வேலையை எத்தனை மாதம் தாங்குவார்? ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கினால், "வீட்ல சும்மாதான இருக்க, ரேஷன் கடைக்குப் போய்ட்டு வா" என்ற குரல் வரும்.

அமெரிக்க கிளையன்ட்தான் கிடைத்தார் என்றால், நேரலையில் இருக்கத் தேவையில்லாத வேலையைக் கேட்கலாம். அவர் தூங்கும்போது கணக்கையும் மெயிலையும் ஒழுங்குபடுத்தி, அவர் எழும்போது முடித்து வைத்திருப்பது அவருக்கும் லாபம்தான்.

பொருத்தம் 2: துறை

'எல்லா வேலையும் செய்வேன்' என்று எழுதுபவரை யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு துறையைச் சொல்பவர்தான் நினைவில் நிற்பார்.

பி.காம் முடித்து டேலி தெரிந்தவரை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 ஜனவரி 1 முதல் 5 சதவீத வாட் வரி இருக்கிறது. 2023 ஜூன் முதல் கார்ப்பரேட் வரியும் வந்துவிட்டது. சிங்கப்பூரில் 2024 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம். பிரிட்டனில் 2026 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 50,000 பவுண்டுக்கு மேல் வருவாய் உள்ள சுயதொழில்காரர்களும் வீட்டு உரிமையாளர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஜிட்டல் முறையில் கணக்கு காட்ட வேண்டும்.

ஒவ்வொரு புதிய விதியும் ஒரு சின்னக் கடைக்காரருக்குத் தலைவலி. அந்தத் தலைவலியைப் புரிந்துகொண்ட விஏ-வுக்கு அதுவே வேலை. வரித் தாக்கலை அந்த ஊர் கணக்காளர் செய்வார். பில்களைச் சேர்த்து, பதிந்து, ஒழுங்காக அவரிடம் கொடுப்பது விஏ-யின் பங்கு.

நர்சிங் படித்தவருக்கு கிளினிக், சட்டம் படித்தவருக்கு வக்கீல் அலுவலகம், பள்ளி ஆசிரியராக இருந்தவருக்கு ஆன்லைன் டியூஷன் சென்டர். படிப்பும் பழைய வேலையும் வீணாகாத இடத்தில்தான் பேரம் பேசும் பலம் இருக்கும்.

பொருத்தம் 3: மொழி

'அமெரிக்க இங்கிலீஷ் வராதே' என்று தயங்குபவர்கள் தமிழை ஒரு தகுதியாக எண்ணுவதில்லை. கடையநல்லூர், தென்காசி மக்களுக்கு சிங்கப்பூருடனும், காயல்பட்டினம், மேலப்பாளையம் குடும்பங்களுக்கு வளைகுடாவுடனும் பல காலத் தொடர்பு உண்டு. அங்கே மளிகை, நகை, டிராவல்ஸ், கேட்டரிங் நடத்தும் தமிழர்களின் வாடிக்கையாளர்களில் கணிசமானோர் தமிழிலேயே வாட்ஸ்அப் அனுப்புவார்கள். இங்கிலீஷில் இன்வாய்ஸ் போட்டு, தமிழில் பேசிப் பணம் வசூலிக்கும் ஆள் அவர்களுக்கு மணிலாவில் கிடைக்க மாட்டார்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. சொந்தக்காரர் என்பதால் சம்பளம் பேசக் கூச்சம் வரும். "நம்ம மாமாதானே" என்று தொடங்கிய வேலை ராத்திரி 11 மணிக்கும் போன் வரும் நிலைக்குப் போய்விடலாம். தெரிந்தவர் என்றால்தான் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்வது இன்னும் அவசியம்.

எங்கே தேடுவது?

முதலில் 20 பேர் பட்டியல் போடலாம்: வெளிநாட்டில் தொழில் செய்யும் உறவினர், காலேஜ் சீனியர், பழைய மேனேஜர், ஊர்ச் சங்கம். 'வேலை இருக்கா?' என்று கேட்பதைவிட, 'உங்க கடையில வாராத பில்லை வாரம் ரெண்டு நாள் ஃபாலோ பண்ணித் தரட்டுமா?' என்று குறிப்பாகக் கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

உள்ளூரையும் விட்டுவிட வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பாய் விற்பவர், கல்லிடைக்குறிச்சி அப்பளம் பார்சல் அனுப்புபவர், அல்வாவை ஆன்லைனில் விற்பவர் எல்லோருக்கும் ஆர்டர் பார்க்க ஆள் வேண்டும். டாலர் வராது. ஆனால் காட்டுவதற்கு ஒரு வேலை அனுபவம் வரும்.

அடுத்தது லிங்க்ட்இன். ஒரு துறை, ஒரு நாடு என்று குறுக்கிக்கொண்டு, அந்தத் துறைக்காரர்கள் பேசும் பிரச்சினைகளைப் படித்துப் பதில் எழுதுவது, நூறு பேருக்கு ஒரே மெசேஜை அனுப்புவதைவிடப் பலன் தரும்.

'சரி' சொல்லும் முன் கேட்க வேண்டியவை

கிளையன்ட் மட்டும்தான் இன்டர்வியூ எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. விஏ-வும் கேட்கலாம்:

• இதற்கு முன் இந்த வேலையை யார் பார்த்தார்? ஏன் போனார்?

• வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? அதற்கு மேல் போனால் எவ்வளவு?

• யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும்? மூன்று பேர் தனித்தனியாக வேலை சொல்வார்களா?

• பணம் எந்தத் தேதியில், எந்த வழியில் வரும்?

• வேலையை நிறுத்த இரு தரப்பும் எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்?

முதல் கேள்விக்கு 'போன நாலு பேருமே சரியில்லை' என்று பதில் வந்தால், ஐந்தாவது ஆளாகப் போவதற்கு முன் யோசிக்கலாம். பதில்கள் சரியாக இருந்தால், இரண்டு வாரம் கட்டணத்துடன் கூடிய சோதனை வேலை நல்லது. இலவச சோதனை வேண்டாம். பிறகு மணிக்கணக்கில் இருந்து மாதத் தொகைக்கு மாறினால் இருவருக்கும் நிம்மதி. ஒரே கிளையன்ட்டை மட்டும் நம்பாமல் இரண்டு பேராவது இருப்பது பாதுகாப்பு.

வெள்ளம் வந்தால்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை தாண்டியது. நெல்லை, தூத்துக்குடியின் பல பகுதிகளில் கரன்டும் செல்போன் சிக்னலும் இல்லை. லண்டனில் இருப்பவருக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிவது, ஆள் திடீரென்று காணாமல் போனார் என்பது மட்டும்தான்.

அதனால் வேலை தொடங்கும்போதே சொல்லி வைப்பது நல்லது: தொடர்பு அறுந்தால் யார் தகவல் சொல்வார், அவசர வேலையை யார் பார்ப்பார், வேலைக் குறிப்புகள் ஆன்லைனில் எங்கே இருக்கின்றன. வேறு ஊரில் இருக்கும் இன்னொரு விஏ-வுடன் 'எனக்கு நீ, உனக்கு நான்' என்று ஒரு ஏற்பாடு இருந்தால் போதும். இதைக் கேட்டு முகம் சுளிக்காத கிளையன்ட் நல்ல கிளையன்ட்.

ஏஐ எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடுமா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, டேட்டா என்ட்ரி, ஆடியோவைத் தட்டச்சு செய்வது, வழக்கமான மெயில் எழுதுவது எல்லாம் மலிவாகிவிட்டன. இவற்றை மட்டும் விற்கும் விஏ-வுக்கு நெருக்கடி நிச்சயம்.

ஆனால் எந்தச் சப்ளையர் இரண்டு முறை சொன்னால்தான் அசைவார், எந்த வாடிக்கையாளரிடம் பணத்தைப் பற்றி இந்த வாரம் பேசக் கூடாது என்பது ஒரே கிளையன்ட்டுடன் ஒரு வருடம் இருந்தவருக்குத்தான் தெரியும். அடிக்கடி கிளையன்ட் மாறுபவரிடம் இந்த அறிவு சேராது. பொருத்தமான ஆளுடன் நிலைத்து நிற்பதுதான் ஏஐ காலத்திலும் மதிப்பு தருகிறது.

கவனம்: இவர்கள் கிளையன்ட் இல்லை

• ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், டெபாசிட், டிரெயினிங் கட்டணம் கேட்பவர்.

• டெலிகிராமில் லைக் போட்டால் காசு என்று தொடங்கி, பிறகு பணம் கட்டச் சொல்பவர்.

• 'டேட்டா என்ட்ரியில் தப்பு இருக்கு, கேஸ் போடுவோம்' என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்.

• 'என் வாடிக்கையாளர் பணத்தை உங்க அக்கவுண்ட்ல வாங்கி அனுப்புங்க' என்பவர்.

கடைசி வகைதான் மிக ஆபத்தானது. உதவியாளர் வேலை மாதிரியே தெரியும். ஆனால் அது மோசடிப் பணமாக இருந்தால் முடங்குவது விஏ-யின் வங்கிக் கணக்கு, போலீஸ் தேடி வருவது விஏ-யின் வீட்டுக்கு. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

பணமும் ஆதாரமும்

பேபால், வைஸ், பேயோனியர் என்று எந்த வழியில் வந்தாலும், வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றை வாங்கிச் சேர்த்து வைக்க வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. 2025-26 நிதியாண்டு முதல், புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்குப் பொதுவாக வருமான வரி கட்ட வேண்டியிருக்காது. ஆனாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்வது நல்லது. சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கிக் கடனுக்கும் விசாவுக்கும் அதுதான் ஆதாரம். எந்தப் பிரிவில் தாக்கல் செய்வது என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். பிஎஃப் இல்லாத குறைக்கு, மாதா மாதம் பிபிஎஃப், என்பிஎஸ், மருத்துவக் காப்பீடு என்று தானே ஒதுக்கிவிட வேண்டும்.

ஆக, இறங்கலாமா?

ஒரே மாதத்தில் டாலர் கொட்டும் என்று நினைப்பவருக்கு இது ஏமாற்றத்தைத்தான் தரும். கைவசம் சில மாதச் செலவுக்குப் பணம், ஒரு துறையில் தெளிவு, வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை, 'இது வேலைதான்' என்று ஏற்கும் குடும்பம் இருந்தால் நிதானமாக இறங்கலாம்.

பீடி சுற்றிய பாட்டிக்கு ஏஜென்ட்டை மாற்றுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. லேப்டாப் திறக்கும் பேத்திக்கு அந்த வசதி இருக்கிறது. கிடைத்த முதல் ஆளுக்குத் தலையாட்டிவிட்டால் அந்த வசதி இருந்தும் பயனில்லை.